வார் வைத்த கால்மிதி

ஏப்ரல் 17, செவ்வாய்

வெயில். காலை எட்டரைக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. குழாயில் காற்று மட்டும். இன்றைய வேலைகள்: சைக்கிளுக்குப் பஞ்சர், ரு.வுக்குச் சர்க்கரை மாத்திரை, எனக்கு மூக்குப்பொடி. மூன்றாவது மட்டும் முடிந்தது.

(ரு. என்று சுருக்கி எழுதுவது, இந்த நோட்டு அவள் கையில் அகப்பட்டால் தப்பித்துக்கொள்ள. வீட்டில் இருப்பது நானும் என் மனைவி ருக்மணியும் மட்டும். எப்படித் தப்பிப்பேன் என்று யோசிக்கவில்லை.)

பதினோரு மணிக்கு ரு. தெற்குவாசல் மார்க்கெட்டிலிருந்து வந்தாள். கூடையை இறக்கினாள், மோர் குடித்தாள், காலை நீட்டி உட்கார்ந்தாள். இடது பாதத்தில் கறுப்பாக ஏதோ. கிட்டப் போய்ப் பார்த்தால் தார். ரோட்டில் உருகிக் கிடந்ததை மிதித்து வந்திருக்கிறாள்.

“கால் சுடவே இல்லையா?”

“எது?”

தேங்காயெண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். அடியில் சிவந்து கன்றியிருந்தது. அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். எவ்வளவு சுரண்டியும் காலை இழுக்கவில்லை.

செருப்பு எங்கே என்று கேட்டேன். வாசலில் இருக்கிறது என்றாள். இருந்தது. தூசி. இடது செருப்பின் வாருக்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்துகிறது. பங்குனியிலிருந்து யாரும் தொடவில்லை.

வேண்டுதலாம். தெருமுனை மாரியம்மனிடம். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு என் மூக்கைப் பார்த்தாள். நான் தும்மினேன்.

விஷயம் இதுதான்: நான் பொடியை விடுகிற வரைக்கும் அவள் காலில் செருப்பு கிடையாது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு மிரட்டல்.”

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். அதை எழுத எனக்கு வராது, ஆகவே ரு. பேசியதெல்லாம் இங்கே தமிழில். எங்கள் பாஷையில் இன்னும் காரமாக இருந்தது.

ஏப்ரல் 18, புதன்

வெயில் அப்படியே. டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். வலது காலில் “ஆமா, ஆமா” என்றாள். இடது காலுக்கு டாக்டரம்மா வந்ததும் ரு. சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். ஒரு சின்னக் கொப்புளம், அவளுக்குத் தெரியாமலே பழுத்து, அதற்கப்புறம் விரலில் ஆரம்பித்து எதையெல்லாம் எடுக்க வேண்டிவரும் என்று வரிசையாகச் சொன்னார். ரு. வேண்டுதலைச் சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அப்ப விட்டுர வேண்டியதுதானே சார்?”

“பார்க்கலாம் டாக்டர்.”

இருபத்தேழு வருடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருப்பது அந்த டப்பாதான். ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். மூன்று நாள். நாலாம் நாள் ஆபீசில் மேனேஜரே வாங்கிவந்து என் மேஜையில் வைத்து, “போடுய்யா, எல்லாரும் நல்லா இருப்போம்” என்றார்.

திரும்பி வரும்போது ரு. கோயிலைச் சுற்றினாள். கல் தரையில் சூடு தெரியாமலிருக்கத் தென்னை நார் விரிப்பு போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஜம்மென்று நடந்தாள். நான் வேப்பமர நிழலில் நின்று ஒரு சிட்டிகை போட்டேன். மூளை திறந்தது.

விரிப்பின் மேல் நடந்தால் வேண்டுதல் கெடவில்லை. அந்த விரிப்பு அவளோடு கூடவே வந்தால்?

ஏப்ரல் 19, வியாழன்

ஆபீஸ். பக்கத்து மேஜை மாயாண்டியிடம் திட்டத்தைச் சொன்னேன். திருவாதவூர்ப் பக்கத்துக்காரன், நெல்லும் உண்டு, நக்கலும் உண்டு.

“அதாவது அண்ணே, மூக்க மூடுறதுக்குப் பதிலா ஊரையே பாய் போட்டு மூடப் போறீக.”

“ஊரை இல்லப்பா. ரெண்டு பாதம் மட்டும்.”

“பொடிய விட்டா செலவில்லாம முடியும்.”

“அது வேற டிபார்ட்மெண்ட்.”

விதிமுறைகள் நானே வகுத்தேன். தோல் கூடாது, அது செருப்பு. ரப்பர் கூடாது, அதுவும் செருப்பு. பிளாஸ்டிக், ரெக்சின் கூடாது, அது செருப்பைவிடக் கேவலம். மண்ணில் முளைத்த சாமான் மட்டும். முளைத்ததைக் காலில் கட்டிக்கொண்டால் எந்த அம்மன் கோபிப்பாள்?

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜில் ஞாயிற்றுக்கிழமை சுற்றுச்சூழல் கண்காட்சியாம். இயற்கைச் செருப்பெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று மாயாண்டி எங்கோ நோட்டீசில் பார்த்திருக்கிறான். கிண்டல் செய்தாலும் ஆள் உபயோகம்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மாயாண்டியின் மொபெட்டில் கண்காட்சி. அனல் காற்று. பின்னால் உட்கார்ந்து பொடி போடப் போய் பாதி காற்றோடு போயிற்று, மீதி மாயாண்டியின் காதில்.

மண்பானை, துணிப்பை, மண்புழு உரம். மூலையில் ஒரு மேஜை: “சுற்றுச்சூழலுக்கு உகந்த கோடைக் காலணிகள்.” ஒரு மாணவி மனப்பாடமாகச் சொன்னாள்.

“இது முழுக்க மக்கிரும் சார்.”

“எத்தனை நாள்லம்மா?”

“ஆறு மாசத்துல மண்ணோட மண்ணாப் போயிரும்.”

“நான் வாங்குற செருப்பெல்லாம் மூணு மாசத்துலயே போயிருதேம்மா.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாயாண்டி எனக்காக மன்னிப்புக் கேட்டான்.

போட்டுப் பார்த்த வகையில்:

தென்னை நார் – உறுதி. குத்துகிறது. உணர்ச்சியில்லாத காலுக்குக் குத்துகிற சாமான் ஆகாது.

சணல் – மெத்து. தண்ணீர் பட்டால் ஊறிக் கனக்கும். எங்கள் தெருக் குழாயடியைத் தாண்டாது.

டயர் – பழைய லாரி டயரை வீணாக்காமல் வெட்டியது. உகந்ததுதான், ஆனால் விதி 2.

வாழை நார் – பட்டு மாதிரி. எடை இல்லை. அழகு.

வாழை நார் ஒரு ஜோடி வாங்கினேன். அழகைப் பார்த்து வாங்குகிற புத்தி எனக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் போகவில்லை.

ஏப்ரல் 23, திங்கள்

ரு.விடம் காட்டி அசத்தலாம் என்று காலையில் வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எதிர் வீட்டு ஆடு வலது காலை முழுசாகவும் இடது காலைப் பாதியும் தின்றுவிட்டது. சுற்றுச்சூழலுக்கு இவ்வளவு உகந்ததாக இருக்கும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

எதிர் வீட்டுக்காரர் பிச்சை வந்து, “ஆட்டுக்கு ஏதும் ஆகுமா அண்ணே?” என்று என்னைக் கேட்டார்.

ரு.வின் பாதத்தில் தார் பட்ட இடம் கறுத்திருக்கிறது. ஆறுகிறது என்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 26, வியாழன்

அரை நாள் லீவு. அவனியாபுரத்தில் டயர் செருப்பு தைக்கிற கருப்பையாவிடம் மாயாண்டி அனுப்பினான். லேத் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பேசினால் கேட்காது, கத்தினால் பாதி கேட்கும்.

“அண்ணிக்கா? அளவு கொண்டாந்தீகளா?”

கொண்டுபோயிருந்தேன். நேற்று ரு. குளித்துவிட்டு நடந்த ஈரக் காலடியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, காய்வதற்குள் பேப்பரில் எடுத்துக்கொண்டேன். தரை துடைக்கிறேன் என்று நினைத்து அவள் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

“டயர்ல செஞ்சுக்கங்கண்ணே. நீங்க போனாலும் அது போகாது.”

“ரப்பர் கூடாது.”

“தோலு?”

“கூடாது.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீக?”

விளக்கினேன். அடியில் தென்னை நார், நடுவில் சணல் சாக்கு, மேலே பாதம் படுகிற இடத்தில் பழைய பருத்திச் சேலை நாலு மடிப்பு, நூலால் மட்டும் தையல், வாரும் துணிதான். கருப்பையா அளவுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பீடியை அணைத்தார்.

“இதுக்குச் செருப்புன்னு பேரு இல்லண்ணே. கால்மிதிக்கு வார் வக்கச் சொல்றீக.”

அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். தொழில் தெரிந்த ஒருவர் வாயாலேயே வந்துவிட்டது: செருப்பு இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். லேத் சத்தத்தில் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஏப்ரல் 29, ஞாயிறு

தயார். நன்றாகவே வந்திருக்கிறது. சேலையின் சுங்குடிப் புள்ளி மேலே தெரிகிறது. அழுத்திப் பார்த்தேன், மெத்து. கல்லில் தேய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு மாதக் கோடையைத் தாங்கும் என்றார் கருப்பையா. மழை வந்தால் அவர் பொறுப்பில்லை.

ரு. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது உங்க அக்கா குடுத்த சேலைல்ல?”

“பெட்டியில சும்மாதான கெடந்துச்சு.”

“அப்ப மிதிக்கலாம்.”

போட்டுப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தாள். முகத்தில் ஒரு சுகம், நான் பார்த்தேன். உடனே கழற்றிவிட்டாள்.

“செருப்பு மாதிரிதான் இருக்கு.”

தென்னை நார் விரிப்பு வாதத்தை முழுசாக எடுத்து வைத்தேன். கருப்பையாவின் தீர்ப்பைச் சொன்னேன். கேட்டாள். கடைசியில், “நீங்க சொல்லி நான் போட முடியாது. அவகிட்ட கேட்டுத்தான் போடணும்” என்றாள்.

அவள் என்றால் மாரியம்மன். பூக்கட்டிப் பார்க்க வேண்டுமாம்.

மே 1, செவ்வாய்

ஆபீஸ் லீவு. கோயில்.

பூக்கட்டிப் பார்ப்பது சுலபம். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட வேண்டும், ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது.

பூசாரி தனியாக என்னை ஓரங்கட்டினார். புத்திமதி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “ஒரு சிட்டிகை இருக்குமா?” என்றார். கொடுத்தேன். சந்நிதியைப் பார்த்தபடி திரும்பி நின்று போட்டுக்கொண்டார், மரியாதைக்குப் பின்பக்கம் காட்டவில்லையாம்.

அவர் கையெல்லாம் சந்தனம். “நீங்களே மடிச்சு வைங்க சாமி” என்று இரண்டு தாளையும் பூக்கூடையையும் என்னிடம் தள்ளினார். ரு. விரிப்பின் மேல் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்தேன். எழுதுகிறேன்.

முதல் தாளில் வெள்ளை நந்தியாவட்டை வைத்து மடித்தேன். செவ்வரளியைக் கையில் எடுத்தேன். தூணுக்குப் பின்னால் ரு. வருகிற கொலுசுச் சத்தம். அந்த இடது கால் கண்ணில் பட்டது. செவ்வரளி என் சட்டைப் பைக்குள் போயிற்று. இரண்டாம் தாளிலும் நந்தியாவட்டை.

நான் அம்மனை ஏமாற்றவில்லை. அவளுக்கு வேலையைக் குறைத்தேன்.

ரு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. “மனசு எரங்கிட்டா” என்றாள் பூசாரியிடம். பூசாரி தும்மினார், நல்ல சகுனம் என்று அவரே சொல்லிக்கொண்டார். மற்ற பொட்டலத்துப் பூவை, பூசாரி கொடுத்த வெற்றிலையோடு சேர்த்து வாயில் போட்டு மென்று, வெளியே போய்த் துப்பினேன். நந்தியாவட்டை கசக்கும்.

வீடு வரைக்கும் போட்டுக்கொண்டு நடந்தாள். தெருவில் எல்லாரிடமும் நான்தான் காட்டினேன்.

மே 2, புதன்

ரு. காலையில் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனாள். மாயாண்டியிடம் வெற்றியைச் சொன்னேன். பூ விஷயம் சொல்லவில்லை. “மூளைதாண்ணே உங்களுக்கு” என்றான். பாராட்டு இனிக்கவில்லை. இரண்டு சிட்டிகை போட்டேன். அதுவும் ஏறவில்லை.

சாயங்காலம் பொடி டப்பாவைத் தேடினேன். நேற்றும் இன்றும் போட்டிருந்த வெள்ளைச் சட்டையிலிருந்து எடுத்து ரு. மேஜை மேல் வைத்திருந்தாள். சட்டை சலவைச் சோடாவில் ஊறிக்கொண்டிருந்தது.

மே 4, வெள்ளி

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். காக்கைகூட வெளியே வரவில்லை.

காலையில் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினேன். பையின் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை, உள்ளங்கை அகலம். நாங்கள் சாயக்கார வம்சம்; எனக்கு நெய்யத் தெரியாது, தோய்க்கத் தெரியாது, ஆனால் எந்தக் கறை எதிலிருந்து வந்தது என்று பார்த்தாலே தெரியும். செவ்வரளி, சோடாத் தண்ணீர்.

ரு.வும் சாயக்கார வீட்டுப் பெண்தான். என்னைவிட நல்ல சாயக்காரி.

இட்லி வைத்தாள். சட்னி வைத்தாள். கறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல வாசலில் அந்தச் செருப்பை (கால்மிதியை) மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அப்பாடா, தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். முட்டாள்.

ஆபீசுக்குப் போகும்போது பிச்சை ஆட்டோடு எதிரில் வந்தார்.

“ஏண்ணே, அண்ணிக்கு அம்புட்டு அழகாச் செருப்பு செஞ்சு குடுத்தீக. அதக் கூடையில வச்சுக்கிட்டு வெறுங்காலோட போறாகளே, தேஞ்சிரும்னா?”

“எங்க பாத்தீங்க?”

“நேத்தும் இன்னைக்கும்தான். மொத ரெண்டு நாள் மட்டுந்தான் போட்டுப் பாத்தேன். இப்ப முக்கு திரும்புனதும் கழட்டிருறாக.”

மே 5, சனி

பின்னாலேயே போனேன். இருபது அடி தள்ளி. மனைவியைத் துப்பறிகிற ஐம்பத்திரண்டு வயது ஆள், குடையோடு.

தெருமுனை. குனிந்தாள், கழற்றினாள், தூசி தட்டினாள், கூடையில் துணிப்பைக்கு அடியில் வைத்தாள். வெயிலில் இறங்கினாள். ரோட்டின் ஓரமாக, நிழல் இருக்கிற பக்கமாக, கறுப்பாகத் தெரிகிற இடத்தையெல்லாம் சுற்றிச் சுற்றி. நான் வீட்டு வாசலில் நின்று பார்ப்பேன் என்பதற்காக வீட்டிலிருந்து முனை வரைக்கும் மட்டும் போட்டிருக்கிறாள். தெருவெல்லாம் நான் பீற்றிக்கொண்டிருந்தேனே, அது கெடக் கூடாது என்று.

இளநீர் வண்டி நிழலில் பிடித்தேன்.

“போடு.”

“வீட்டுக்குப் போங்க.”

“வெள்ளைப் பூதான வந்துச்சு?”

ரு. என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ரெண்டும் வெள்ளைன்னா, வேண்டாம்னு அவ எப்படிச் சொல்லுவா?”

இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உன் காலுக்காகத்தான்.”

“தெரியும். எங்காலுக்காக அவனியாபுரம் போனீங்க, புதுக்கோட்டை போனீங்க. சாமிகிட்டயே போனீங்க. அந்த டப்பாக்கிட்ட மட்டும் போகல.”

டப்பாவை எடுத்தேன். அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“எங்கிட்ட எதுக்கு? நான் போடறதில்லையே.”

ரோட்டில் எறியலாம் என்றால், அந்தக் கண்காட்சிப் பெண் ஞாபகம். மூடியைத் திறந்து இளநீர் மட்டைக் குவியலில் கொட்டினேன். காற்று திரும்பி அடித்தது. இளநீர்க்காரர் ஏழு தடவை தும்மினார். டப்பாவைப் பையில் வைத்தேன்.

“இப்ப போடு.”

“நாலு நாள் ஆகட்டும். மூணு நாள் நான் பாத்திருக்கேன்.”

குடையை அவள் பக்கம் பிடித்தேன். அது காலுக்கு ஒன்றும் செய்யவில்லை.

மே 6, ஞாயிறு

பொடி இல்லை. தலைவலி. பேப்பரை இரண்டு தடவை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. ரு. இன்று வெளியே போகவில்லை. மார்க்கெட்டுக்கு நான் போனேன். முருங்கைக்காய் முற்றல் என்றாள்.

மே 7, திங்கள்

இல்லை. மாயாண்டி பேசினால் எரிச்சல். பேசாவிட்டாலும் எரிச்சல். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பூ உட்பட. மேஜை டிராயரைத் திறந்து துழாவினான். பிறகு கடலை மிட்டாய் ஒன்றை என் மேஜையில் வைத்தான்.

சாயங்காலம் ரு.வின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். புதுக் கொப்புளம் இல்லை. தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா, நான்தான் பார்க்கவில்லை.

மே 8, செவ்வாய்

இல்லை. கை பைக்குள் போய்ப் போய்த் திரும்புகிறது. கோயிலுக்குப் போனேன். பூசாரி விரலை நீட்டினார். இல்லை என்றேன். “என்ன சாமி, இப்படிப் பண்ணிட்டீங்க” என்று ரொம்ப வருத்தப்பட்டார். அம்மன் முன்னால் போனேன். என்ன சொல்ல? நின்றுவிட்டு வந்தேன்.

கடலை மிட்டாய், மொத்தம் பதினொன்று. இப்போது எனக்கும் சர்க்கரை வரும்.

மே 9, புதன்

வெயில். இல்லை.

ரு. காலை ஆறு மணிக்கே வெறுங்காலோடு கோயிலுக்குப் போனாள், வெயில் ஏறுவதற்கு முன்னால். கூடையில் கால்மிதி ஜோடி. நான் பின்னால் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழேகாலுக்கு வந்தாள். காலில் போட்டிருந்தாள். தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் ரோட்டின் நடுவில் நடந்து வந்தாள். பிச்சை, “இன்னைக்குத்தான் பாக்க அம்சமா இருக்கு” என்றார். ஆட்டைப் பிடித்துக்கொள்ளும்படி நான் சொன்னேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். வலது காலைக் கழற்றினாள். இடது காலைக் கழற்றும்போது நிறுத்தினாள்.

“இந்த வாரு கடிக்குது.”

“எந்தக் கால்ல?”

“இதுலதான்.”

“எங்க?”

கட்டைவிரல் பக்கத்தில் தொட்டுக் காட்டினாள். அழுத்திப் பார்த்தேன். “ஸ்” என்றாள். கையைத் தட்டிவிட்டாள். இன்னொரு தடவை அழுத்தினேன். “வலிக்குதுங்கறேன்ல” என்றாள்.

மரத்த காலில் வலி தெரிகிறதே என்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த வார்த் தையலைப் பிரித்துத் தளர்த்த வேண்டும். ஊசி டப்பா எங்கே என்று கேட்டால் அலமாரியில் என்கிறாள். அலமாரியில் இல்லை.